புதன்கிழமை கீரை இல்லை

1

வழக்கமாக இந்தக் குறிப்புகளைப் பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரின் ஏழாவது மாடியிலிருந்து எழுதுவேன். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும், எனக்குப் புதுச்சேரி ஞாபகம் வரும், நீங்களும் பெருந்தன்மையாகப் படித்துவைப்பீர்கள். இந்த முறை முதலியார்பேட்டையில் என் அக்கா வீட்டு முன்னறையில், மடக்குக் கட்டிலில் சாய்ந்தபடி எழுதுகிறேன். ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு ஊரை நினைத்து எப்படி ஏங்குவது என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு நாள் எங்கள் டெப்போவை நினைத்து ஏங்கிப் பார்த்தேன். அங்கே முப்பது வருஷமாகப் பேருந்துகளைக் கழுவுகிறேன். ஏக்கம் வரவில்லை.

எழுதத் தூண்டியது டாக்டர் கேட்ட ஒரு கேள்வி. "புதன்கிழமை உங்களுக்கு விரதமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல்தான் இத்தனை பக்கம்.

மனைவியோடு மூன்று வார லீவில் வந்தவன் நான். வந்த நாலாம் நாள் பெரிய மார்க்கெட்டில் அக்காவுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது மூச்சு நின்றுவிட்டது. அதாவது எனக்கு அப்படித் தோன்றியது. பூக்காரம்மா ஒருத்தி தன் முக்காலியைக் கொடுத்து உட்காரவைத்தாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்கள். வந்தது. அது அன்றைக்கே என் இதய வால்வைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறதாம். இத்தனை வருஷம் நானும் அதுவும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறோம்.

இந்த நிலையில் விமானத்தில் ஏறினால் இறங்கும்போது ஆள் இருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். எனவே இங்கேயே நெஞ்செலும்பைப் பிளந்து, பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்து, கம்பி போட்டுக் கட்டினார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பிரான்ஸிலும் இதய டாக்டரிடம் தேதி வாங்கியிருந்தேன். காத்திருந்து காத்திருந்து, நடுவில் லீவு வந்ததால் இங்கே வந்தேன். எனக்குத் தையல் பிரித்த மறுவாரம் அந்தத் தேதி வந்தது. நேரத்துக்கு வராமல் இன்னொரு நோயாளியின் இடத்தை வீணாக்கியதற்காக என்னைக் கண்டித்துச் செய்தி அனுப்பியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன்.

2

நெஞ்சு பிளந்தவன் வீட்டில் செய்யக்கூடாதவை: கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். சிரிப்பு வந்தாலும் அப்படித்தான். என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சிரிக்கவைத்தே தீருவது என்று வந்தார்கள். வலி பொறுக்க முடியாது. தலையணையும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

பிரான்ஸில் நோயாளியைப் பார்க்க வருவதென்றால் முதலில் கேட்டுவிட்டு வருவார்கள், அல்லது வராமலே இருந்துவிடுவார்கள். இங்கே வராவிட்டால் அது ஆயுசுக்கும் பேச்சாகிவிடும். பாகூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் பங்காளிகள் வேன் பிடித்து வந்தார்கள். ஆளுக்கு ஒரு பை ஆப்பிள். உலோக வால்வு மூடித் திறக்கும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், அறை அமைதியாக இருந்தால் வெளியிலேயே கேட்கும். இது தெருவில் பரவியதும் வருகிற கூட்டம் கூடியது. எதிர் வீட்டம்மா என் சட்டைமேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் ஓடுது" என்று அக்காவிடம் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

என் பக்கமும் கோளாறு இருந்தது. பிரான்ஸில் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர் அங்கே இருக்கிற எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். அது ஊறிப்போன பழக்கம். முதல் தடவை இங்கே ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, எல்லோரையும் பார்த்துக் கைகூப்பி "வணக்கம்" என்றேன். ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். இன்னொருவர், "எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து மூலையில் உட்காரவைத்தாள்.

3

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் நீலாவுக்குக் கல்யாணம். ஒரே மகள். மாப்பிள்ளை தொமா, பிரெஞ்சுப் பையன், மெலிந்த குரலில் பேசுவான், நான் செய்த மீன் குழம்பைச் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீரோடு நன்றி சொன்னவன். கல்யாணம் அங்கே மேரியில் நடக்கும். நம் கடற்கரைச் சாலையில் இருக்கிற மேரிக்குத் தாய்வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், நகராட்சி அலுவலகம். மேயர் மூவர்ணப் பட்டை போட்டுக்கொண்டு சட்டத்தின் நாலு வரியைப் படிப்பார். மணமக்கள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மொத்தம் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்கு நான் அந்த அறையில் இருக்க வேண்டும். இந்த நெஞ்சை இவ்வளவு பாடுபட்டுத் தைத்துக்கொண்டதே அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நீலாவுக்கு அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளுக்கு இந்திய விசா கிடைப்பதற்குள் எனக்குத் தையலே பிரித்துவிட்டார்கள். பிறகு போனில் பேசும்போதெல்லாம் பிரெஞ்சில், "வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் பப்பா, ரிஸ்க் எடுக்காதீங்க" என்பாள். என்ன அறிவான பேச்சு. என் காதில் அது, நீங்கள் வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று விழுந்தது. அவள் ஏழு வயது வரை தமிழில்தான் சண்டை போடுவாள். பிறகு சண்டையும் பிரெஞ்சுக்குப் போயிற்று, அப்புறம் சண்டையே இல்லை. அந்த மரியாதைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

போவதற்கு நடுவில் ஓர் எண் நின்றது. உலோக வால்வின்மேல் ரத்தம் உறைந்து ஒட்டக்கூடாது. அதற்காக ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தை எடுத்துப் பார்த்து ஓர் எண் சொல்வார்கள். என் எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும், ஏறினால் எங்கேயாவது கசியும். தொடர்ந்து சில பரிசோதனைகளில் எண் ஒழுங்காக நின்றால்தான் விமானம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எண் நிற்கவில்லை. ஒரு தடவை ஒன்றரை. மாத்திரையைக் கூட்டினார். அடுத்தது ஐந்தைத் தொட்டது, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். குறைத்தார். மறுபடி கீழே. டாக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா?" என்றார். முப்பது வருஷம் டெப்போவில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாதவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

கல்யாணம் முதலில் ஏப்ரலில் என்று இருந்தது. நான் வரமுடியாது என்று சொல்லிவிட்டு, மனசு விட்டுப்போய்ப் படுத்திருந்தேன். மறுநாள் நீலாவே கூப்பிட்டு, மேரியில் தேதியை மே மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள், ஏதோ காகிதத்தின் கெடு முடிந்துவிட்டது என்றாள். எனக்கு ஆச்சரியமே இல்லை. அங்கே பிறப்புச் சான்றிதழுக்கு மூன்று மாதம்தான் ஆயுள். பிறந்தது ஒரு தடவை, ஆனால் பிறந்ததை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். மே மாதத்திலும் எண் சறுக்கியது. அப்போதும் மேரியில் ஏதோ குளறுபடி, ஜூன் கடைசி என்றார்கள். இத்தனை வருஷம் பிரெஞ்சு அலுவலகங்களைத் திட்டித்தான் உங்களுக்கு நான் எழுதியிருக்கிறேன். முதல் முறையாக அவர்களுடைய சோம்பேறித்தனம் என் பக்கம் இருந்தது. மனதார வாழ்த்தினேன்.

4

என் மனைவி கலாவதியும் என் அக்கா சரோஜாவும் பேசிக்கொள்வதில்லை. நீலா கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து இல்லை.

காரணம் தண்ணீர். நான் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவன். கலாவதி பிரெஞ்சு நேஷனாலிட்டிக் குடும்பம், தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவளைக் கட்டித்தான் நான் பிரான்ஸ் போனேன் என்பதை அக்கா ஒருநாளும் மறந்ததில்லை. முதல் தடவை குழந்தையோடு ஊருக்கு வந்தபோது, அக்கா வீட்டுத் தண்ணீரைக் கலாவதி அக்காவின் கண்ணெதிரே மூன்று முறை கொதிக்கவைத்தாள். அக்கா, "எங்கூட்டுத் தண்ணியில என்னா வெஷமா கலந்துக்குது?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். கலாவதியும் அடுப்பைப் பார்த்தே ஏதோ பதில் சொன்னாள். அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச வேண்டியது எல்லாம் என் வழியாகப் போகும், வரும். நான் ஆபரேஷன் மயக்கத்தில் இருந்தபோது எப்படிச் சமாளித்தார்கள் என்று தெரியவில்லை. ஐசியூ நர்ஸ் வழியாக என்று கேள்வி.

கலாவதி பள்ளிக்கூட கான்டீனில் வேலை செய்கிறாள். லீவு முடிந்து அவள் திரும்பிப் போனபோது என்னிடம் ஒரே ஒரு விதி விதித்தாள். கீரை கூடாது. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்று அங்கே யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவிடம் சொன்னேன்.

"நெஞ்சப் பொளந்து ரத்தத்தையெல்லாம் எடுத்துட்டானுங்க. கீர துன்னாம ரத்தம் எங்கேருந்து ஊறும்?" என்றாள். "அவ அங்க குந்திக்கினு சொல்லுவா. பாத்துக்கறது நானா அவளா?"

ஆகவே தினமும் கீரை. முருங்கை, அரை, முளை, சிறு. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. அந்நேரம் பிரான்ஸில் காலை ஒன்பதரை, கலாவதி வேலையில் இருப்பாள். ஆனால் புதன்கிழமை அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் சரியாக ஒரு மணிக்கு வீடியோவில் வந்துவிடுவாள். "தட்டைக் காட்டுங்க" என்பாள். காட்டுவேன். அன்றைக்கு அக்கா கீரையே வாங்க மாட்டாள். கேரட் பொரியல்தான். அக்கா காமிராவில் படாமல் சுவரோரமாக நின்று நான் தட்டைச் சரியாகப் பிடிக்கிறேனா என்று பார்ப்பாள். ஏப்ரலில் அங்கே பள்ளி விடுமுறை விட்டார்கள். இரண்டு வாரம் தினமும் வீடியோ, தினமும் கேரட். விடுமுறை முடிந்ததும் விட்டதைப் பிடிக்க அக்கா இரண்டு பங்கு கீரை போட்டாள்.

நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்குக் கீரை பிடிக்கும். கலாவதி சந்தோஷமாக இருந்தாள். அக்காவும் சந்தோஷமாக இருந்தாள். ஒரு கைப்பிடி இலை என்னத்தைச் செய்துவிடும் என்று நினைத்தேன்.

5

மே மாதக் கடைசியில் எண் மறுபடி ஒன்றேமுக்காலுக்கு வந்தது. டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "சாப்பாட்டுல என்ன எடுத்துக்கறாரும்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

"தெனம் கீர குடுக்கறேன் சார்," என்றாள் அக்கா பெருமையாக. "புதன், சனி, ஞாயிறு மட்டும் இல்ல."

டாக்டர் என்னிடம் திரும்பினார். "புதன்கிழமை உங்களுக்கு விரதமா? சனிக்கிழமை தெரியும், பெருமாள். புதன் என்ன?"

"புதன்கிழமை பிரான்ஸில் பள்ளிக்கூடம் லீவு சார்," என்றேன்.

ஆபரேஷனில் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்பதுபோலப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் கொதிக்கவைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

கேட்டு முடித்துவிட்டு டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கீரை தப்பு கிடையாது," என்றார். "சாப்பிட்டா தினமும் ஒரே அளவு சாப்பிடணும். இல்லன்னா சாப்பிடவே கூடாது. நாள் விட்டு நாள் மாத்தினா நான் மாத்திரையைக் கூட்டறதும் குறைக்கறதும் கண்ணைக் கட்டிக்கிட்டுக் கல் எறியற மாதிரி. ஒன்றேமுக்கால்ல அந்த வால்வுல ரத்தம் கட்டினா, மறுபடி நெஞ்சைத் திறக்கணும். திறக்க நேரம் இருந்தா."

அக்காவும் நானும் ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நான் ஒன்ன சாவடிச்சிருப்பேன்டா," என்றாள். இல்லக்கா என்றேன். "எதுக்குடா இல்லங்கற?" என்று அழுதாள்.

6

அன்று சாயங்காலம் கலாவதிக்கு வீடியோவில் போன் போட்டேன். அவள் எடுத்ததும் எண்ணைச் சொல்லிவிட்டு, "அக்கா பேசணுமாம்," என்றேன். அக்கா அப்படிச் சொல்லவில்லை. போனை அவள் கையில் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். அக்காவுக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாது, ஆகையால் ஒன்றும் தவறவில்லை.

என் வால்வு மட்டும் கேட்டது.

"நான் சரோஜா பேசறேன்," என்றாள் அக்கா. "கீர போட்டது நான்தான். நீ பாக்காதப்ப போட்டேன். அவன் மேல ஒன்னும் இல்ல."

"அவர் மேலதான் எல்லாம் இருக்குது," என்றாள் கலாவதி. "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாரா? ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கிட்டு."

"அதச் சொல்லு. சின்ன வயசுலேருந்து அப்டித்தான்."

முதல் உடன்பாடு என் விஷயத்தில்தான் ஏற்பட்டது. பிறகு பேச்சு அளவுக்குப் போனது. கலாவதி, கீரையை நிறுத்த வேண்டாம், தினமும் போடுங்கள், ஆனால் ஒரே அளவு என்றாள். ஒரு கரண்டி என்றாள் அக்கா. எந்தக் கரண்டி என்றாள் கலாவதி. கொழம்புக் கரண்டி. அதைக் காட்டுங்கள். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்க் காட்டினாள். அது பெரிசு என்று கலாவதியும் தன் வீட்டுக் கரண்டியை எடுத்து வந்து காட்டினாள். இருவரும் கரண்டிகளை வைத்துக்கொண்டு வெகுநேரம் வாதாடி, கடைசியில் ரசக் கரண்டிக்கு ஒத்துக்கொண்டார்கள்.

போனை வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கலாவதி வைக்கவில்லை.

"அண்ணி, அன்னிக்கிப் பாப்பாவுக்கு வயித்தால போயிட்டிருந்தது. பிளேன்லயே ஆரம்பிச்சிடுச்சி. நான் பயந்துபோய்க் கெடந்தேன். அதான் தண்ணியக் கொதிக்க வெச்சேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்க மொகத்தப் பாத்து எப்டிச் சொல்றதுன்னே தெரியல. எனக்கு அப்ப இருபத்திநாலு வயசு."

அக்கா ரசக் கரண்டியை அதன் இடத்தில் மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி வுடு. சாப்டியா?" என்றாள்.

7

அதற்கப்புறம் புதன்கிழமையும் கீரை. வீடியோவில் கலாவதி என் தட்டைக் கேட்பதில்லை, அக்காவைக் கேட்கிறாள். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "போன அண்ணிகிட்ட குடுங்க" என்கிறாள். முப்பது வருஷம் நடுவில் நின்ற எனக்கு வேலை போய்விட்டது. ஜூன் மாதம் முதல் பரிசோதனையில் எண் இரண்டு புள்ளி ஏழு. அடுத்து மூன்று. நேற்று மறுபடி இரண்டு புள்ளி ஒன்பது. டாக்டர் விமானத்தில் ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார். எழுதும்போது, "பிரான்ஸ்லயும் புதன்கிழமை உண்டுதானே? அங்கேயும் சாப்பிடுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கிருந்த சந்தோஷத்தில் வாய் ஓயவில்லை. "நல்லவேளை, மேரிக்காரன் ரெண்டு தடவை தள்ளிப்போட்டான். இல்லன்னா கல்யாணம் எப்பவோ முடிஞ்சிருக்கும். அவன் கொளறுபடியே எனக்கு நல்லதாப் போச்சு," என்றேன்.

அக்கா கத்தியை நிறுத்தினாள்.

"எந்த ஆபீஸ்காரனும் தள்ளிப்போடலடா," என்றாள். "ஒம் பொண்ணுதான் போயி மாத்திட்டு வந்தா. ஒவ்வொரு வாட்டியும் ஒன் டெஸ்டு சரியில்லன்னு தெரிஞ்ச மறுநாளே. மண்டபம், சமையல்காரன், மாப்ள ஊட்டு ஜனம், எல்லாத்துக்கும் ரெண்டு வாட்டி சொல்லிச் சொல்லி மாத்தனாளாம். ஒன்னால தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்சா நீ இந்த ஒடம்ப வச்சிக்கினு கௌம்பி வந்துருவியாம். அதான் ஆபீஸ் மேல போட்டுட்டா. கலா சொன்னா. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. எனக்கு வாய் சும்மா இருக்காது."

அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். நான் முன்னறைக்கு வந்தேன். வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நீலா சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்குள் எவ்வளவு கசந்திருந்தேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அழுதேன். அழுதாலும் நெஞ்சு வலிக்கிறது, தலையணையை எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் நீலாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு இன்னும் பரிசோதனை முடிவு தெரியாது. தேதியை மாற்றியது அவள்தான் என்று எனக்குத் தெரியும் என்பதும் தெரியாது. சொல்வதா என்று யோசித்தேன். அவள் அவ்வளவு கவனமாக மறைத்ததை நான் ஏன் உடைக்க வேண்டும் என்று தோன்றியது.

"மேரியில மறுபடியும் தேதிய மாத்துவாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியல பப்பா," என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் தமிழில். "உங்க நம்பர் என்ன வந்துது?"

"ரெண்டு புள்ளி ஒன்பது."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அப்ப மாத்த மாட்டாங்க," என்றாள்.